உளவு அறிக்கைகளில் ‘பி-2’ என்று குறிப்பது எதற்கு?

தகவல் தந்தவருக்கு ஒரு மதிப்பீடு, அவர் சொன்ன செய்திக்குத் தனியாக ஒன்று. நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் முறை இது. ஏ முதல் எஃப் வரை தகவல் தந்தவருக்கு. 1 முதல் 6 வரை செய்திக்கு. பி-2 என்றால் வழக்கமாக நம்பத்தக்கவர், செய்தியும் அநேகமாக உண்மை. எஃப், 6 இரண்டும் படுமோசம் என்று பொருளல்ல, ‘கணிக்க முடியவில்லை’ என்றுதான். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஏன் பிரிக்கிறார்கள்? நேர்மையானவரும் தவறாகக் கேட்டிருக்கலாம்; புளுகரும் ஒருநாள் உண்மை சொல்லலாம். இன்னொன்று: ஒரே வாயிலிருந்து கிளம்பியது மூன்று வழியாக வந்தாலும் ஒரே சாட்சிதான்.

சொன்னதைச் சரிபார்க்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2003 ஈராக் போருக்கு முன், ‘கர்வ்பால்’ என்ற புனைபெயர் கொண்ட ஈராக்கியர் ஒருவர், ஈராக்கில் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் இருப்பதாகச் சொன்னார். அவரை விசாரித்தது ஜெர்மன் உளவுத்துறை; அமெரிக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பொய்தான் என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார்.