வயலிலிருந்து விலைக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு எட்டு மா நிலம் (மூன்று மா ஓர் ஏக்கர்). சம்பா அறுத்ததும் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் களத்துக்கு வரும் வியாபாரியிடம் போட்டுவிடுகிறேன். விற்பனையை மனதில் வைத்துச் சாகுபடி செய்ய வேண்டுமானால் எங்கே தொடங்குவது?
– மன்னார்குடி வாசகர்

பதில்: வீட்டு நெல்லையும் விற்கிற நெல்லையும் வயலிலேயே பிரித்துவிடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 45 கிலோ அரிசி என்றால் வருடத்துக்கு 540 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி தேறும். ஆக 830 கிலோ நெல் போதும். சுமாரான விளைச்சலிலேயே ஒன்றரை மா அதைக் கொடுத்துவிடும். விதைக்கு, இட்லிக்கு என்று இன்னும் அரை மா ஒதுக்கினாலும் ஆறு மா சந்தைக்கு மிஞ்சுகிறது.

அந்த ஆறு மாவில் என்ன ரகம் என்பதை, யாரிடம் விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். வித்தியாசம் 45 ரூபாய்தான். அங்கே போடுவதாக இருந்தால் சாயாத, கூடுதலாக விளையும் ரகமே லாபம். சன்ன ரகத்துக்கு நல்ல விலை ஆலைக்காரரிடம்தான் கிடைக்கும். ஆனால் அவர் ஒரே ரகத்தை லாரி நிறையக் கேட்பார். அண்டை வயல்காரர்கள் ஆளுக்கொரு ரகம் போட்டால் லாரி நிரம்பாது. கலப்பு நெல் என்று சொல்லி விலையையும் இறக்கிவிடுவார்கள். விதை விடும் முன்பே இரண்டு மூன்று பேர் கூடிப் பேசி ஒரே ரகம் போட்டால் பத்து டன் சேர்ந்துவிடும்.

அடுத்தது ஈரப்பதம். பலருக்கும் பணம் போவது இதில்தான். கொள்முதல் நிலையத்தின் வரம்பு 17 சதவீதம். அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் 20க்கு மேல் இருப்பது சாதாரணம். 22 சதவீத ஈரத்திலிருந்து 17க்குக் காய்ந்தால் நூறு கிலோ 94 கிலோவாகும். அதையே 14க்குக் காயவைத்தால் இன்னும் 3 கிலோவுக்கு மேல் குறையும். 17க்கே எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு மொறுமொறுவென்று காயவைத்துக் கொண்டுபோனால் எடை நஷ்டம் உங்களுக்கு. மாறாக, விலை ஏறட்டும் என்று இருப்பு வைக்கிற நெல் 14க்கு வந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சூடேறி அரிசி பழுப்பேறிவிடும். எனவே இருப்பு வைக்கும் முன் கணக்குப் பாருங்கள்: விலை ஏறக்குறைய நான்கு சதவீதமாவது ஏறினால்தான் எடைக் குறைவே ஈடாகும். மூட்டைக்கூலி, வாடகை, வாங்கிய கடனின் வட்டி எல்லாம் அதற்கு மேல். உச்சிவெயிலில் தார்ச்சாலையில் மெல்லிசாகப் பரப்பாதீர்கள். நெல் உள்ளுக்குள் விரிசல் விட்டு ஆலையில் நொய்யாகும். களத்தில் ஒன்று, ஒன்றரை அங்குல கனத்துக்குப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள்.

கேள்வி: சம்பா தரிசில் (நெல் அறுவடையை ஒட்டிய ஈர வயலில்) உளுந்து தெளிக்கிறோம். முன்னைப் போல முளைப்பதில்லை. வரும் கொஞ்சத்தையும் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது.
– திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: டெல்டாவில் புதுத் தண்ணீர் கேட்காமல் கைக்குக் காசு தரும் பயிர் உளுந்துதான். வேறு எந்த மாற்றத்துக்கும் முன்னால் இதைச் சரிசெய்வது நல்லது. ஆள் வைத்து அறுத்த காலத்தில் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்தோம். இப்போது இயந்திரம் இறங்க வயலைக் காயவிடுகிறோம். முளைக்க வேண்டிய ஈரம் அப்போதே போய்விடுகிறது. முளைத்தவற்றையும் சக்கரம் நசுக்குகிறது. இயந்திரம் வரும் நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு நான்கு நாள் முன்னால் தெளியுங்கள். ஏக்கருக்கு வழக்கமான 10 கிலோ விதையோடு இன்னும் 2 கிலோ சேருங்கள். தை கடந்தால் வெயில் முந்திக்கொள்ளும்.

பூக்கத் தொடங்கும்போதும், அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை 10 லிட்டர் தண்ணீரில் இரவே ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி 190 லிட்டரில் கலந்து மாலையில் அடியுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். மஞ்சள் தேமல் நோய் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அந்த நோயைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும்.

விலைக்கு வருவோம். உளுந்தின் வண்டு வயலிலேயே காயில் முட்டையிட்டுவிடும். நன்றாகக் காயவைக்காத மூட்டை ஓரிரு மாதத்தில் ஓட்டையாகும் என்ற பயத்தில்தான் அவசரமாக விற்கிறோம். கடித்தால் சட்டென்று உடையும்வரை காயவைத்து, தூசி, கல், சுருங்கிய பருப்பு நீக்கி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே மறைமுக ஏலம்: ஒருவர் கேட்கும் விலை மற்றவருக்குத் தெரியாது. கேட்ட விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கலாம். கிட்டங்கியில் வைத்து, சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கவும் வழி உண்டு. 2025-26க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். பேரம் பேசும்போது அந்த எண் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: கருப்புக் கவுனி என்ற பாரம்பரிய நெல்லுக்கு நல்ல விலை என்கிறார்கள். நிலம் முழுவதும் போடலாமா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: வேண்டாம். வாங்குபவர் உறுதியாகாமல் ஒரு மாவுக்கு மேல் போடாதீர்கள். நெட்டையாக வளரும் பயிர். யூரியா கூடினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடும். விளைச்சலும் குறைவு. பெரிய ஆலைகள் இரண்டு மூட்டைக்காக இயந்திரத்தை ஓட்டாது. ஓட்டினாலும் முந்தைய நெல் கலக்கும். உமி மட்டும் நீக்கும் சிறிய இயந்திரம் அருகில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கடிக்கும். நெல்லாகவே வைத்திருந்து, கேட்பு வந்த அளவுக்கு மட்டும் அரையுங்கள். பொட்டலமாக விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். உறையில் நிகர எடை, பொதிந்த மாதம், அதிகபட்ச விலை, முகவரி இருக்க வேண்டும்.

கேள்வி: உழவர்களே பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்கு சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?
– ஒரத்தநாடு வாசகர்

பதில்: சென்ற வருடம் உறுப்பினர்களிடமிருந்து எத்தனை டன் வாங்கினார்கள், எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். உரம் மட்டும் விற்கிற நிறுவனமென்றால் உங்கள் விளைபொருளுக்கு அதனால் விலை வராது. ஈரப்பதமானியும் சொந்தத் தராசும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பங்கு எத்தனை இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். சேர்ந்த பிறகு பொதுக்குழுவுக்குத் தவறாமல் போய் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.