யாருடைய முகம்?

கேள்வி: இந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் விருந்தாளிகள்தான். ஒரு குடும்பம் கிளம்பினால் அடுத்த குடும்பம் வந்து இறங்கும். எல்லோரையும் முகம் கோணாமல் உபசரித்து அனுப்பினோம். இனிமேலாவது 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பதைக் கறாராகக் கடைப்பிடிக்கலாமா?

பதில்: மூன்று நாள் கணக்கை அப்புறம் பார்க்கலாம். 'முகம் கோணாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாருடைய முகம்?

கூடத்தில் உட்கார்ந்து வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தவரின் முகம் ஏன் கோணப்போகிறது? அவருக்குப் பேச ஆள் கிடைத்தது. பழைய கதைகள் கிடைத்தன. விருந்தாளிக்கு வந்த தட்டோடு அவருக்கும் ஒரு தட்டு வந்தது. அந்தத் தட்டு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் ஒரு முகம் இருந்திருக்கும். கோடை முழுக்க அதை யாராவது நின்று பார்த்தீர்களா?

அனிச்சம்பூ முகர்ந்தால்தான் வாடும், விருந்தினரோ நாம் முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவார் என்கிறது விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள். வாசலில் வந்து நிற்கிறவரின் மனதை இதைவிட நுட்பமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்தக் குறளை மேடையில் எடுத்துப் பேசுகிறவர்கள், அடுப்பங்கரையில் வாடுகிற முகத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளக் கூடாதா? பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சேர்க்கவே மாட்டேன் என்கிறார்கள்.

எந்த வீட்டிலும் நடக்கிற காட்சி ஒன்று. கூடத்தில் வெடிச்சிரிப்பு. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் சமையலறை வாசலுக்கு வந்து, "என்ன, என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறார். "அது முதல்லேர்ந்து கேட்டிருந்தாத்தான் புரியும், விடு" என்று பதில் வருகிறது. அவரும் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். எதற்கென்றே தெரியாமல் அவர் சிரித்த அந்தச் சிரிப்பு, உங்கள் கணக்கில் 'முகம் கோணாமல்' என்று வரவு வைக்கப்படுகிறது. இத்தனைக்கும் வந்திருப்பது அவருடைய சொந்தத் தங்கையாக இருக்கும். மாதக்கணக்கில் பார்க்காத தங்கையோடு பேச அவருக்கு நேரம் வாய்ப்பது, ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு. அப்போது இரண்டு பேருக்கும் கண் சொக்கும். தங்கை ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கு, அவள் தலை வைத்துப் படுத்த தலையணையின் உறையைக் கழற்றி ஊறவைப்பவரும் அவர்தான், அடுத்த குடும்பம் சாயங்காலம் வருகிறதே!

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். உலகில் சம்பளமில்லாமல் செய்யப்படும் வீட்டு வேலையிலும் பராமரிப்பு வேலையிலும் 76.2 சதவீத நேரம் பெண்களுடையது. சராசரியாக ஒரு நாளைக்குப் பெண்கள் 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். விருந்தாளி எட்டிப் பார்க்காத சாதாரண நாட்களும் சேர்ந்த சராசரி இது. வீட்டில் கூடுதலாக நான்கு பேர் வந்து தங்கினால் எந்தப் பக்கத்து நிமிடங்கள் ஏறும் என்பதற்குத் தனியாக ஓர் ஆய்வு தேவையில்லை.

விருந்தோம்பலைப் பெரிய தத்துவமாக்கியவர்களில் ஒருவர் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். வேற்று மண்ணில் கால் வைக்கிறவனைப் பகைவனாக நடத்தாமலிருப்பது கருணை அன்று, அவனுக்குள்ள உரிமை என்று 1795-இல் எழுதினார். வந்து போக உரிமை உண்டு, தங்கிவிட உரிமை கிடையாது என்றும் பிரித்துக் காட்டினார். அகதிகள் பற்றிய இன்றைய வாதங்களிலும் அவர் பெயர் அடிபடுகிறது. மனிதர் தானும் விருந்து வைத்தவர். மதியச் சாப்பாட்டுக்கு நண்பர்களை அழைப்பார்; மேசையில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒன்பது பேருக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் விதி. பேச்சு நன்றாக ஓட அதுதான் அளவாம். நல்ல விதிதான். ஆனால் சமைத்தது ஒரு சமையல்காரர், பல வருடம் வீட்டு வேலை பார்த்தது மார்ட்டின் லாம்ப்பே என்ற பணியாள். மேசையில் உட்காருகிறவர்களை எண்ணிய அந்த மாபெரும் மூளை, அடுப்பருகே நிற்கிறவரை அந்த எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. காண்டுக்கே அப்படியென்றால் நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

சரி, மூன்று நாளுக்கு வருகிறேன். இந்தப் பழமொழியோடு எனக்குப் பழைய பகை உண்டு. முன்பு இதே பக்கத்தில் அதைத் திட்டியபோது, பெரியவர்கள் சும்மா சொல்வார்களா என்று சில வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். எல்லா நாட்டுப் பெரியவர்களும்தான் சொல்லியிருக்கிறார்கள். மீனும் விருந்தாளியும் மூன்று நாளில் நாறும் என்று அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அச்சடித்தார். மூன்றாம் நாள் ஏதோ நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தனியாளாக ஓடிய உடம்பு அன்றைக்குத்தான் விட்டுப்போகிறது. பழி விருந்தாளி தலையில் விழுகிறது.

ஆகவே ஆளைக் குறைக்காதீர்கள், நாளையும் குறைக்காதீர்கள். "ஐயோ, நீங்க உட்காருங்க, நீங்க எதுக்கு" என்கிற உபசாரத்தை மட்டும் நிறுத்துங்கள். வந்த மறுநாள் காலையிலேயே எந்த டப்பா எங்கே இருக்கிறது, விளக்குமாறு எங்கே, துவைத்ததை எங்கே உலர்த்துவது என்று காட்டிவிடுங்கள். வந்தவர்கள் நறுக்கட்டும், துலக்கட்டும், படுத்த பாயைச் சுருட்டி வைக்கட்டும். இதில் அவர்களுக்கு அவமரியாதை எதுவும் கிடையாது. நாலு பேர் சமையலறையில் நின்றால் பேச்சும் சிரிப்பும் அங்கேயே வந்துவிடும். வாசலில் வந்து நின்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. முதலில் உள்ளே போக வேண்டியவர் நீங்கள். நீங்கள் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டு விருந்தாளியை மட்டும் அனுப்பினால் அது அக்கிரமம்.

அடுத்த கடிதத்தில் ஒரு விவரம் மட்டும் எழுதுங்கள். இந்தக் கோடையில் உங்கள் வீட்டில் தினமும் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தது யார்?