பழைய அவமானங்கள் மனதை விட்டுப் போவதில்லை, கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்னும் அதிகம். கிறிஸ்தவர்கள் இதை எப்படிக் கடக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

என்னை விடாமல் வருவது ஒரு பெயர்: சொரொபாபேல்.

முதலூருக்குப் பக்கத்தில், தேரிக்காட்டோரம் எங்கள் ஊர். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போனவர்களெல்லாம் வந்திருந்ததால் கோயில் நிறைந்திருந்தது. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம், இயேசுவின் முன்னோர் பெயர்கள் வரிசையாக வரும் பகுதி, நான் வாசிக்க வேண்டிய பாடம். தாமார், ராகாப், ரூத் எல்லாம் தடங்கலில்லாமல் போனது. 12-ஆம் வசனத்தில் சொரொபாபேல் என்ற அந்தப் பெயர் நாக்கில் சிக்கியது. மூன்று தடவை முயன்றேன். முன்னால் பாயில் இருந்த பையன்கள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும். வேதத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

முப்பது வருஷம் ஆகிவிட்டது. டிசம்பரில் ராத்திரி கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் பஜனைச் சத்தம் கேட்டால் இன்னும் காது சூடாகிறது.

பாவம் என்றால் ஆராதனை முறையில் அதற்கு இடம் இருக்கிறது. முழங்கால்படியிட்டு அறிக்கை செய்கிறோம், அய்யர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பாவமன்னிப்பு கூறுகிறார். நாக்குத் தடுமாறியதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ‘என் இளவயதின் பாவங்களை நினையாதிரும்’ என்று வேதத்திலுள்ள துதிப்பாட்டான 25-ஆம் சங்கீதத்தைச் சொல்லி எத்தனையோ நாள் ஜெபித்தேன். பொருந்தவில்லை. குற்றமே இல்லாததற்கு மன்னிப்பு எப்படிக் கிடைக்கும்? அதனால்தான் அது போகாமல் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

நான் பாதியில் விட்ட அதே அதிகாரத்தில், 19-ஆம் வசனத்தில், யோசேப்பு வருகிறான். தனக்கு நியமிக்கப்பட்டிருந்த மரியாள், இருவரும் கூடிவருமுன்னே கர்ப்பவதி என்று தெரிந்ததும் அவன் ஊரைக் கூட்டியிருக்கலாம். ‘அவளை அவமானப்படுத்த மனதில்லாமல்’ என்று எழுதியிருக்கிறது. தூதன் சொப்பனத்தில் வந்து விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே அவனுக்கு அந்த மனது இருந்தது. நம் கிறிஸ்துமஸ் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அதை வாசித்தபோது எங்கள் சபையின் ஊழியரான உபதேசியார் நினைவுக்கு வந்தார். அன்றைக்கு நான் இறங்கியதும் அவர் எழுந்து போனார். முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நான் விட்ட பெயரிலிருந்தே நிதானமாகத் தொடர்ந்தார், அது அவருக்கென்று முன்பே பிரித்துக் கொடுத்த பங்கு மாதிரி. சிரிப்பு அடங்கிவிட்டது. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற என்னிடம் வந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், “காப்பி குடிச்சியாடே?” என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருந்தது. இது மட்டும் இத்தனை வருஷம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த ஞாயிறு இன்னும் என் நினைவில் வரத்தான் செய்கிறது. வரும்போது பையன்கள் சிரித்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர் 25-ஆம் வசனம் வரை வாசித்து முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்து கேட்கிறேன்.