பார்வை இல்லாமல் குறி பார்க்கக் கற்கலாமா? கற்கலாம், ஆனால் அந்தப் பயிற்சியில் சேராதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரு கண்களிலும் பார்வை போய்விட்டது. பிரெய்ல் ஓரளவு படிப்பேன், போனில் ஸ்கிரீன் ரீடர் பழகிவிட்டது. குறி சொல்லப் பயன்படும் படச்சீட்டான டாரோ சீட்டு கற்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. விசாரித்த இடத்தில் ஒரு பயிற்சியாளர், "வெளிக்கண் மூடினால் உள்கண் திறக்கும். உங்களுக்குச் சக்தி ஏற்கெனவே வந்துவிட்டது. சீட்டெல்லாம் எதற்கு, முதலில் நூலில் குண்டைத் தொங்கவிட்டுக் குறி பார்க்கும் பெண்டுலம், பிறகு ஞானதிருஷ்டிப் பயிற்சி" என்கிறார். அறையில் யாராவது சத்தமில்லாமல் நின்றாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. சில நேரம் அறிமுகமில்லாத முகங்கள்கூடத் தெரிகின்றன. அதனால் அவர் சொல்வது உண்மைதானோ என்றும் தோன்றுகிறது. சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். டாரோவைத் தாராளமாகக் கற்கலாம், அதற்கு வருகிறேன். முதலில் அந்த இரண்டு அனுபவங்களைப் பார்த்துவிடுவோம். உங்களிடம் பணம் வாங்க அவர் பிடித்திருக்கும் கொக்கி அவைதான்.

ஆள் நிற்பது தெரிவது உண்மையான திறமை. பார்வையற்றவர்கள் முகத்தின் தோலால் தடைகளை உணர்கிறார்கள் என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படி உணர்ந்தவர்களே அதைத்தான் சொன்னார்கள். 1940களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது, காதை அடைத்ததும் அந்த உணர்வு போய்விட்டது. முகத்தில் பட்டதாகத் தோன்றியது காதில் விழுந்த எதிரொலி. ஆள் நிற்கும் இடத்தில் அறையின் ஒலி கொஞ்சம் மாறுகிறது, நீங்கள் அறியாமலே உங்கள் காது அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் திறமையை வளர்க்க வேண்டுமானால் நடமாட்டப் பயிற்சி தருபவர்களிடம் போங்கள். அங்கே அது தெருவைக் கடக்க உதவும்.

முகங்கள் தெரிவதற்கும் பெயர் இருக்கிறது, சார்ல்ஸ் பானே நோய்க்குறி. பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்ததை 1760இல் எழுதியவர் பானே. கண்ணிலிருந்து தகவல் வராதபோது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படங்களை உண்டாக்குகிறது. முகங்கள், கட்டங்கள், கோலம் போன்ற வடிவங்கள் என்று எதுவும் வரலாம். பார்வை இழந்த பலருக்கு இது வருகிறது. "பைத்தியம் என்பார்களோ" என்று பயந்துகொண்டு வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். இது மனநோயும் அல்ல, ஆவியும் அல்ல, வரமும் அல்ல.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பானே விஷயத்தில் படம் மட்டும்தான் வரும், குரல் வராது. பார்ப்பவருக்கும் அது நிஜமில்லை என்பது தெரிந்திருக்கும். தெரியும் முகம் உங்களோடு பேசினால், அதைச் செய், இதைச் செய் என்று உத்தரவு போட்டால், அது நிஜம்தான் என்ற உறுதி உங்களுக்கு வந்துவிட்டால், புது மருந்து தொடங்கிய பிறகோ காய்ச்சலோடோ திடீரென்று ஆரம்பித்திருந்தால், குழப்பமும் மறதியும் சேர்ந்து வந்தால், இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். சரி, எதுவுமே இல்லை, முகம் மட்டும்தான் என்றாலும் ஒருமுறை கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் காது கொடுக்காமல் அடுத்த டோக்கனைக் கூப்பிடலாம். கண் வேலை செய்யவில்லை என்றதும் கோப்பை மூடிவிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். விடாதீர்கள், பெயரைச் சொல்லியே கேளுங்கள். மருத்துவர் இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்க வேண்டிய விஷயத்தை விளக்காமல் விடுவதால்தான் ஞானதிருஷ்டிக் கடைகளுக்கு ஆள் சேருகிறது.

இனி அந்தப் பயிற்சி. இந்த வகையறாவை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வகுப்பு இலவசம், அப்புறம் முதல் நிலை, இரண்டாம் நிலை, குருநிலை, கடைசியில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். குறி சொல்வதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட உரிமம் என்று எதுவும் கிடையாது. அந்தச் சான்றிதழை அடித்தவரே அதற்கு அதிகாரமும் கொடுத்துக்கொள்கிறார். இன்னொரு பக்கம், கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கிறோம், வண்ணம் சொல்ல வைக்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள். கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளி வழியாகக் கீழே பார்ப்பதுதான் அந்த வித்தை. பார்வையுள்ள குழந்தைக்கு அது பலிக்கும், உங்களுக்குப் பலிக்காது. பலிக்காதபோது "உங்கள் நம்பிக்கை போதவில்லை, இன்னொரு நிலை சேருங்கள்" என்பார்கள். பார்வையே திரும்பிவிடும் என்று ஜாடையாகச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

பார்வையற்றவருக்கு மறைபொருள் தெரியும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. கிரேக்கக் கதையில் டைரீசியஸ் குருட்டு ஞானி. கொரியாவில் பார்வையற்ற குறிகாரர்கள் நூற்றாண்டுகளாகத் தொழில் செய்தார்கள். ஜப்பானின் வடகிழக்கில் இடாகோ என்று அழைக்கப்படும் பார்வையற்ற பெண்கள் இறந்தவர்களின் வாக்கைச் சொன்னார்கள். ஆனால் இடாகோவாக வேண்டுமென்றால் சிறுமியாகவே ஓர் ஆசிரியரிடம் சேர்ந்து, மந்திரங்களையும் பாடல்களையும் வாய்மொழியாகக் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். யாரும் அவர்களிடம் "உனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது" என்று சொல்லிக் கட்டணம் வாங்கவில்லை.

பெண்டுலத்தை உங்களுக்குப் பரிந்துரைத்ததிலேயே அந்த ஆளுக்குத் தொழில் தெரியாது என்பது தெரிகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833இல் வெளியிட்ட கடிதத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கையில் பிடித்த குண்டு ஆடியது, கண்ணைக் கட்டிக்கொண்டதும் ஆட்டம் நின்றுவிட்டது. ஆட்டத்தைக் கண் பார்க்கப் பார்க்க, கைத்தசை தன்னையறியாமல் அதைத் தொடர்ந்து ஊட்டுகிறது. பார்வை இல்லாதவருக்குப் பெண்டுலத்தை விற்பது, காது கேளாதவருக்கு வீணை சுருதி சேர்க்கக் கற்றுத் தருகிறேன் என்பதைப் போன்றது.

டாரோவுக்கு வருவோம். சீட்டுக்கு மந்திர சக்தி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கட்டுப்பாடான சோதனைகளில் அப்படி எதுவும் நம்பும்படி நிரூபணமாகவில்லை. ஒரு கேள்வியை வேறு பக்கத்திலிருந்து யோசிக்க வைக்கும் கலை அது. அதற்கு நினைவாற்றலும் பேச்சும் போதும்.

78 சீட்டுகள், அதில் 22 பெரியவை, 56 சிறியவை. வகுப்புகளில் எல்லாம் "படத்தைப் பாருங்கள், என்ன தோன்றுகிறது?" என்று ஆரம்பிப்பார்கள். அது 1909இல் வந்த, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டின் பழக்கம். சிறிய சீட்டுகள் ஒவ்வொன்றுக்கும் கதைப்படம் போடுவதை அந்தக் கட்டுதான் பரவலாக்கியது. அதற்கு முந்தைய மார்செய் வகைக் கட்டில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள், அவ்வளவே. கோப்பை, வாள் போன்ற சீட்டு இனத்தையும் எண்ணையும் வைத்துப் பொருள் சொல்லும் அந்தப் பழைய முறையைக் கற்றுத் தரச் சொல்லுங்கள். அதில் நீங்கள் இழப்பது மிகக் குறைவு.

அடையாளமிடுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பிரெய்ல் புள்ளி சீட்டின் பின்பக்கமும் தெரியும். கலைக்கும்போதே எந்தச் சீட்டு வருகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் குறி எங்கே இருக்கிறது? எல்லாச் சீட்டிலும் ஒரே ஓரத்தில் மட்டும் புள்ளி குத்தி, மறு ஓரத்தைப் பிடித்தே எடுத்துப் பழகுங்கள். இன்னும் நல்ல வழி என்எஃப்சி ஸ்டிக்கர். 78-உம் தொடுவதற்கு ஒன்றுபோல இருக்கும், போனை அருகில் கொண்டுபோனால் சீட்டின் பெயரைப் படிக்கும். உலோகப் பளபளப்பு ஒட்டிய சீட்டில் மட்டும் அது வேலை செய்யாமல் போகலாம். தலைகீழ்ச் சீட்டுக்குத் தனிப் பொருள் வேண்டாம் என்று முடிவு செய்துவிடுங்கள், பலரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். கேமராவில் காட்டினால் படத்தை விவரிக்கும் செயலிகள் சில நேரம் இல்லாததையும் சொல்லும். ஆரம்பத்தில் கூட ஓர் ஆள் இருந்து சரிபார்க்கட்டும்.

கையேடு கிடைப்பதுதான் பெரும்பாடு. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் புத்தகங்களை மாற்றவும் நாடு விட்டு நாடு அனுப்பவும் வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் நிறைவேறி 2016இல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சீட்டோடு வரும் கையேட்டைப் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றுதான் கொடுக்கிறார்கள். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுத்தாள். பணம் கட்டும் முன்பே "எழுத்தைத் தேர்வு செய்ய முடிகிற கோப்பு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சீட்டு தயாராகும்வரை சும்மா இருக்க வேண்டாம், சீனாவின் பழைய குறிநூலான ஐ சிங் உங்கள் கைக்கே செய்த மாதிரி இருக்கும். மூன்று நாணயங்களை ஆறு முறை வீச வேண்டும். தலைக்கு மூன்று, பூவுக்கு இரண்டு என்று ஒவ்வொரு வீச்சையும் கூட்டுங்கள். ஒற்றைப்படை வந்தால் முழுக்கோடு, இரட்டைப்படை வந்தால் உடைந்த கோடு. கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். ஆறு கோடுகளில் 64 வடிவங்கள். பிரெய்ல் கட்டத்திலும் ஆறு இடங்கள்தான், வெற்றுக்கட்டத்தையும் சேர்த்தால் அதுவும் 64. முழுக்கோட்டுக்குப் புள்ளி, உடைந்த கோட்டுக்கு வெறுமை என்று வைத்துக்கொண்டால் ஒரு வாசிப்பை ஒரே பிரெய்ல் எழுத்தில் குறித்துவிடலாம். ஆறும் உடைந்ததாக வந்தால் மட்டும் தாளில் எதுவும் இருக்காது, அதற்கு ஓரத்தில் தேதியை எழுதிவையுங்கள். நாணயத்தில் தலை எது, பூ எது என்று விரலுக்குப் பிடிபடவில்லை என்றால் மூன்றிலும் ஒரே பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம்.