காதால் படிப்பவருக்கு வரைபட விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி: அறிவியல் பாடக் குறிப்புகளை இணையத்தில் பதிவேற்றி வருகிறேன். காற்றில் கார்பன் டை ஆக்சைடு பெருகுவதைக் காட்டும் கோட்டு வரைபடம் ஒன்றைச் சேர்த்திருந்தேன். திரைவாசிப்பான் மூலம் படிக்கும் பார்வையற்ற மாணவி, தமக்கு 'படம்' என்ற ஒரு சொல் மட்டுமே கேட்பதாகக் கூறுகிறார். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசித்துக் காட்டும் மாற்று உரையில் என்ன எழுதலாம்?

பதில்: எழுத வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்று முடிவு செய்வதற்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அரவிந்த் சத்யநாராயண் நடத்தும் காட்சிப்படுத்தல் ஆய்வுக் குழு நல்ல அளவுகோல் ஒன்றைத் தந்திருக்கிறது. ஆலன் லண்ட்கார்டும் அவரும் 2021இல், வரைபடங்களை விவரிக்கும் 2,147 வாக்கியங்களைத் திரட்டி ஆராய்ந்து, அவற்றின் உள்ளடக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தனர்.

உங்கள் வரைபடம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் 1958 முதல் அளக்கப்பட்டு வரும் புகழ்பெற்ற கோடு என்று கொள்வோம். 'கோட்டு வரைபடம், கிடை அச்சில் ஆண்டுகள், செங்குத்து அச்சில் பத்து லட்சம் பங்குக்கு எத்தனை பங்கு என்ற அளவு' என்பது முதல் நிலை. 'ஆண்டுச் சராசரி 1959இல் சுமார் 316. 2023இல் சுமார் 421' என்பது இரண்டாவது. 'கோடு தொடர்ந்து ஏறுகிறது, அண்மைப் பத்தாண்டுகளில் ஏற்றம் செங்குத்தாகிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சம் தொட்டுச் செப்டம்பர் வாக்கில் தாழ்வதால் ரம்பப் பல் போலத் தெரிகிறது' என்பது மூன்றாவது. வடகோளத் தாவரங்கள் கோடையில் இவ்வாயுவை உறிஞ்சுவதும், நெடுங்கால ஏற்றத்துக்கு நிலக்கரியும் எண்ணெயும் முதன்மைக் காரணம் என்பதும் நான்காம் நிலை.

பார்வையற்றோர் 30 பேரிடமும் பார்வையுள்ளோர் 90 பேரிடமும் அக்குழு கேட்டபோது, பார்வையுள்ளோர் நான்காம் நிலை விளக்கத்தைப் பெரிதும் பயனுள்ளதாகக் கருத, பார்வையற்றோரில் பலர் எழுதுபவரின் விளக்கம் கலவாத எண்களையும் போக்கையுமே விரும்பினர். தரவிலிருந்து முடிவுக்கு வரும் உரிமை தமக்கும் வேண்டும் என்ற அவர்களின் எதிர்பார்ப்பு முழுக்க நியாயமானது என்றே கருதுகிறேன். ஆகவே, காரணங்களை எல்லா மாணவர்களும் படிக்கும் பாடப் பகுதியில் எழுதுங்கள். மாற்று உரையில் வரைபடத்தின் வகையும் முதன்மைப் போக்கும் ஓரிரு வாக்கியங்களில் போதும். அச்சுகள், எண்கள், ஆண்டுதோறும் வரும் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைப் படத்துக்குக் கீழே தனிப் பத்தியாகத் தந்து, ஆண்டுச் சராசரிகளைத் தலைப்பு வரிசையுடன் கூடிய உண்மையான அட்டவணையாக இணையுங்கள். அட்டவணையையே படமாக ஒட்டினால் பழைய சிக்கல்தான் மிஞ்சும்.

வலைப்பக்க நிரலாக்கம் அறிந்தவர் உடனிருந்தால், இதே குழு உருவாக்கிய 'ஒல்லி' என்ற திறமூல நிரலகத்தையும் முயலலாம். வேகா-லைட் போன்ற கருவிகளில் அமைத்த வரைபடத்தை அது கிளைகளாகப் பிரித்துத் தருவதால், மாணவி அம்புக்குறி விசைகளால் முதலில் சுருக்கத்தையும், பிறகு அச்சையும், விரும்பினால் குறிப்பிட்ட காலப்பகுதியின் ஒவ்வொரு அளவையும் தம் வேகத்தில் கேட்டறிய முடியும். ஒட்டப்பட்ட படக்கோப்பில் இது இயலாது.

எழுதி முடித்ததும் அந்த மாணவியிடமே, எந்த மாதத்தில் அளவு உச்சம் தொடுகிறது, எந்தப் பத்தாண்டில் ஏற்றம் வேகமானது என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல இயலாமல் அவர் தயங்கும் இடமே விளக்கத்தில் திருத்த வேண்டிய இடம்.