இணையத்தை எந்தப் படியால் அளப்பது?

யூடியூபில் இருப்பதை ஒரே ஆள் பார்த்து முடிக்க முடியுமா?
ம்ஹூம். நிமிடத்துக்கு 500 மணி நேர வீடியோ ஏறுகிறது என்பது 2019 வாக்கில் வந்த கணக்கு. ஒரே நாளில் ஏறுவதைப் பார்க்கவே, தூங்காமல் உட்கார்ந்தால், 80 வருடத்துக்கு மேல் ஆகும்.

இணையத்தின் சைஸ் 64 செட்டாபைட்டாமே, வாட்ஸ்அப்பில் வந்தது. தலைக்கு எவ்வளவு வரும்?
ஒரு செட்டாபைட் என்றால் நூறு கோடி டெராபைட். அது இருக்கட்டும், எந்த வருடத்து எண் என்று கேட்டீர்களா? யாருமே கேட்பதில்லை. இது ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2020-க்குச் சொன்னது. அதுவும் இணையத்தின் சைஸ் அல்ல. அந்த ஒரு வருடத்தில் உலகம் முழுக்க உருவான, நகலான டேட்டா. கடை வாசல் சிசிடிவி பதிவும் அதில் சேர்த்தி, ஒரே படம் லட்சம் வீட்டு டிவிக்கு ஓடியதும் சேர்த்தி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93 டிஎம்சி. வருடம் பூரா வந்துபோன தண்ணீரையெல்லாம் கூட்டி அதுதான் கொள்ளளவு என்றால் விவசாயி சிரிப்பார். இங்கே மட்டும் பத்திரிகைகளே அப்படி எழுதுகின்றன.

சரி, தலைக்கு 8 டெராபைட், அதாவது 8,000 ஜிபி. ஆனால் அடுத்த வருடம் வரை தங்கியது 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அதே ஐடிசி சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 160 ஜிபி. ஒரு சுமாரான போனில் அடங்கிவிடும். இந்த வரியை மட்டும் எவரும் பார்வர்டு செய்வதில்லை!

மொத்தம் எத்தனை வலைப்பக்கங்கள்?
2008-லேயே ஒரு லட்சம் கோடி தனித்தனி முகவரிகளைப் பார்த்துவிட்டதாக கூகுள் அறிவித்தது. எல்லாவற்றையும் தேடலில் சேர்க்கவில்லை. இணையக் காலண்டரில் ‘அடுத்த நாள்’ என்று தட்டிக்கொண்டே போனால் பக்கம் முளைத்துக்கொண்டே இருக்கும். எதில் நிறுத்தி எண்ணுவது?

இணையத்தில் 96 சதவீதம் டார்க் வெப் என்கிறார்களே?
டீப் வெப் வேறு, டார்க் வெப் வேறு. தேடலில் சிக்காத எல்லாமே டீப் வெப்; அதில் தனி மென்பொருள் இருந்தால்தான் திறக்கும் மூலை டார்க் வெப். உங்கள் மெயில் இன்பாக்ஸும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்கூட டீப் வெப்தான். கூகுளில் வராது, வரவும் கூடாது. மொத்தமே தெரியாதபோது சதவீதம் எங்கிருந்து வந்தது? எந்த வருடத்து எண் என்று இதிலும் கேளுங்கள்.

100 எம்பி இணைப்பில் 100 எம்பி ஃபைல் ஒரு நொடியில் வரவில்லையே, ஏமாற்றா?
இணைப்பின் வேகம் பிட்டில், ஃபைலின் சைஸ் பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு நொடி பொறுங்கள். இதை எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

ஆங்கில விக்கிப்பீடியா பென்டிரைவில் அடங்குமா?
எழுத்து மட்டும், சுருக்கிய வடிவில், ஏறக்குறைய 25 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவ் போதும். படமும் வேண்டுமென்றால் போதாது.

இன்டர்நெட் வெயிட் எவ்வளவு சார்?
எதனுடைய வெயிட்? கேபிளா, சர்வரா? முழுசாக எழுதி அனுப்புங்கள்.