ஒடியா மேடையிலும் அலுவலகத்திலும் காதல்: கேள்வி பதில்

கேள்வி: ஒடியா சினிமாவில் சேர்ந்து நடித்து, கல்யாணமும் செய்துகொண்ட ஜோடி யார்?

உத்தம் மொஹந்தியும் அபராஜிதா மொஹந்தியும்தான். உத்தம் 1977இல் ‘அபிமான்’ படத்தில் அறிமுகமானவர். எண்பதுகளில் பல படங்களில் இருவரும் ஜோடி. மகன் பாபுஷானும் இன்று நாயகன். 2025 பிப்ரவரியில் உத்தம் காலமானார்.

கேள்வி: சினிமாவுக்கு வெளியே, பழைய நாடக மேடையில் இப்படி ஏதாவது உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த கதையே அங்கேதான் இருக்கிறது. அன்னபூர்ணா நாடகக் குழுவில் லட்சுமிபிரியா ஆடினார், கேளுசரண் மொஹாபாத்ரா தாளம் வாசித்தார். பின்னாளில் ஒடிசி நடனத்தின் பெரிய குருவாகக் கொண்டாடப்பட்ட அதே கேளுசரண்தான். சின்ன வயதில் கோட்டிபுவா, அதாவது பையன்கள் பெண் வேடமிட்டு ஆடும் ஆட்டம், கற்றவர். பெண்கள் மேடையேறுவதே அபூர்வமான அந்தக் காலத்தில் லட்சுமிபிரியா துணிந்து ஏறினார்.

தாளக்காரரின் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆடுபவரின் பாதத்திலிருந்து கண்ணை எடுக்கவே முடியாது. எந்த அடி எப்போது விழும் என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி ராத்திரியாக அப்படிப் பார்த்தவர் அவர்.

அப்புறம் நடன குரு பங்கஜ் சரண் தாஸ் ‘மோகினி பஸ்மாசுரன்’ நாட்டிய நாடகம் அமைத்தார். லட்சுமிபிரியா மோகினி, கேளுசரண் சிவன், பங்கஜ் சரணே பஸ்மாசுரன். 1947இல் மோகினிக்கும் சிவனுக்கும் நிஜமாகவே கல்யாணம் ஆனது!

கேள்வி: புவனேஸ்வரில் வேலை பார்க்கிறேன். ஆபீஸில் இரண்டு பேர் நெருங்கிவிட்டார்கள் என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒடியாவில் எதிரே இருப்பவரை அழைக்க, மரியாதையான ‘ஆபண’ (நீங்கள்), நெருக்கமான ‘துமே’, இன்னும் நெருக்கமான ‘து’ என்று மூன்று படி உண்டு. ஆபீஸில் பொதுவாக ‘ஆபண’. மதியம் “காயிலே?” (சாப்பிட்டீங்களா?) என்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் “காயிலொ?” என்கிறார். கடைசி எழுத்து ஒன்றுதான் மாறியிருக்கும், ஆனால் ‘துமே’ வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் வந்த ‘பாய்’, அதாவது அண்ணன், உதிர்ந்துவிட்டதா என்றும் கவனியுங்கள். நட்பிலும் ‘துமே’ சகஜம், அதனால் இதை மட்டும் வைத்து யாரையும் கிண்டல் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் ஒரே ஆபீஸ், வேறு வேறு சாதி. நான் எஸ்.சி. வீட்டில் பேச்சே எடுக்க முடியவில்லை. அரசு உதவி உண்டா?

உங்கள் தயக்கம் புரிகிறது. ஜாதகமும் சாதியும் அங்கேயும் கனமாகவே இருக்கின்றன. ஒடிசா அரசு 2020இல் ‘சுமங்கல்’ இணையதளம் தொடங்கி, சாதி மறுப்புத் திருமணத்துக்கான ஊக்கத்தொகையை ரூ.2.5 லட்சமாக உயர்த்தியது. ஒருவர் எஸ்.சி., மற்றவர் வேறு சாதி இந்து என்றால்தான் இது பொருந்தும். முதலில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் கையில் இல்லாமல் விண்ணப்பம் நகராது.